‘சீரியஸ்’ என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள்

அன்புள்ள மகனுக்கு என்று தொடங்கிப் பார்த்தேன். எழுதின கையோடு அடித்துவிட்டேன். அன்பு இல்லாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, அது எங்கேயும் போகவில்லை. ஆனால் இந்தப் பன்னிரண்டு நாளாக எனக்கு முன்னால் வந்து நிற்பது அன்பு இல்லை, அருவருப்பு. சோறு இறங்கவில்லை என்று சொன்னதற்கு உன் அம்மா வயிற்றுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை. கடைக்காக இன்டர்நெட்டில் நீ நடத்துகிற பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததுதான் காரணம். நீ மாடியில் இருக்கிறாய், நான் கீழே இருக்கிறேன், நடுவில் பதினாறு படி, அதற்கு ஒரு கடிதமா என்று கேட்பாய். நேரில் பேசினால் நீ ஃபோனைத் தடவிக்கொண்டே ‘ம்’ கொட்டுவாய். காகிதத்தைத் தடவினால் ஒன்றும் நகராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று நீ எனக்கு அனுப்பிய செய்தியை அழிக்காமல் வைத்திருக்கிறேன். “அப்பா, ஞாயித்துக்கெழம வீடியோ எடுக்கணும், வெள்ள சட்ட போட்டுகினு ரெடியா இருங்க. கடை ஆரம்பிச்ச கதைய ரெண்டு நிமிஷம் பேசுனா போதும். கஷ்டப்பட்டத சொல்றப்ப லேசா கண்ணு கலங்குனா சூப்பரா இருக்கும்.” என் கண் எப்போது கலங்க வேண்டும், எவ்வளவு கலங்க வேண்டும் என்று எனக்கே அளவு சொல்லி அனுப்புகிற பிள்ளையைப் பெற்றிருக்கிறேன். லேசாக வேண்டுமாம், சாம்பாருக்கு உப்புச் சொல்வது மாதிரி. வரும் மாதம் கடையை உன் பேருக்கு மாற்றி எழுதுவதாக வக்கீலிடம் சொல்லியிருந்தேன். நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்த பிறகு என்னால் வேனில் ஏறி இறங்க முடியவில்லை, உனக்கும் முப்பத்திரண்டு வயது ஆகிவிட்டது. எழுதிக் கொடுப்பதற்கு முன்னால், நீ வாங்கிக்கொள்ளப்போவது என்ன என்று சொல்லிவிட வேண்டும். துருகம் ரோட்டில் இருக்கிற நம் கடையின் போர்டில், ஷாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம், சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்கு என்று எழுதியிருக்கிறது. அது பொருள்களின் பட்டியல். நம் வேலை வேறு. முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குள், அவர்களுக்கு நிதானமே இல்லாத ஒரு நாளில், செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிறோம். நம்மை யார் என்று பார்க்கக்கூட அன்றைக்கு அவர்களுக்கு நேரம் இருக்காது. கதவைத் திறந்துவிட்டுவிடுவார்கள்.

ஃபோனையும் இன்டர்நெட்டையும் நான் திட்டப்போகிறேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவாய். மேப்பில் நம் கடையை நீ குறித்துவைத்த பிறகுதான் தியாகதுருகத்துக்காரரும் சங்கராபுரத்துக்காரரும் வழி கேட்காமல் வாசலில் வந்து வண்டியை நிறுத்தினார்கள். நூறு பேருக்குச் சோறு வடிக்க எந்த அண்டா, ஐந்நூறு பேருக்கு எது என்று பாத்திரங்களை வரிசையாக வைத்து, அளவு தெரிய உன் அம்மாவைப் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு வீடியோ போட்டாயே, அதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் தப்பில்லாமல் ஆர்டர் சொன்னார்கள். “அம்மா இடுப்பு ஒயரம் வருமே, அந்த அண்டா ரெண்டு” என்றுதான் சமையல்காரர்கள் இன்னமும் கேட்கிறார்கள். போன ஆவணி மழையில் கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்குப் போகிற ரோட்டில் மரம் விழுந்தபோது, எந்த வளைவில் விழுந்திருக்கிறது, பெரிய வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்று வேனை நிறுத்திப் படம் எடுத்துப் போட்டாய். இரண்டு கல்யாண வண்டிகள் அதைப் பார்த்துவிட்டு அடிவாரத்திலேயே நின்றன. அந்தப் படத்தில் நம் கடைப் பேர்கூடக் கிடையாது. ஆனாலும் அந்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது மூன்று பேர் என்னை நிறுத்தி, “உங்க புள்ள நல்ல காரியம் பண்ணான்” என்றார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

அதே வருஷம் நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. நம் ஜனம் செத்தவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றி ஜெபிக்கிற நாள். அன்றைக்கு நீ ‘அனைவருக்கும் கல்லறைத் திருநாள் நல்வாழ்த்துகள்’ என்று எழுதி, நாலு பக்கமும் பூ வைத்து, நடுவில் நம் ஐஸ் பெட்டியையும் ஃபோன் நம்பரையும் போட்டாய். பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, “இன்னாங்க, உங்க பையன் வாழ்த்து சொல்றானா, வான்னு கூப்புடறானா?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அங்கேயே உன்னைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். அதற்கு அப்புறம் ஊரில் யார் செத்தாலும், நம்மிடம் பெட்டி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அவர்கள் படத்தை எங்கிருந்தோ பிடித்து ‘கண்ணீர் அஞ்சலி’ அட்டை செய்து, அடியில் நம் நம்பரைப் போட ஆரம்பித்தாய். யாருடைய கண்ணீர் அது? நீ அழுதாயா? கேட்டதற்கு, “ஃப்ரீயா ஒரு மரியாதப்பா, நமக்கும் ரீச் கெடைக்குது” என்றாய். மரியாதையும் ரீச்சும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்ததைக் கேட்டும் நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனேன்.

இப்போது நடந்ததற்கு வருவதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ பிறந்ததிலிருந்து கேட்ட சொல்தான். நம் பக்கத்தில் ஒருவர் இறந்துவிட்டால், தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஃபோன் போட்டு ‘செத்துட்டாரு’ என்று யாரும் சொல்வதில்லை. ‘அப்பாவுக்கு சீரியஸா இருக்குது, கெளம்பி வா’ என்பார்கள். சொல்கிறவருக்கு முழுசும் தெரியும், கேட்கிறவருக்குப் பாதி தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்வார்கள். ஏனென்றால் பிள்ளை தனியாக வர வேண்டும். டிக்கெட் எடுக்க வேண்டும், பஸ் மாற வேண்டும், யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் வர வேண்டும். அதற்கெல்லாம் கைகால் ஓட வேண்டும். வீட்டு வாசலுக்கு வந்து, தாங்கிப் பிடிக்க நாலு பேர் இருக்கிற இடத்தில்தான் அந்தச் செய்தி அவர்கள் காதில் விழ வேண்டும். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் வாயைத் திறந்தால் பொய் சொல்கிறவன்கூட இந்த ஒரு பொய்யை மட்டும் ஒழுங்காகவும் பொறுப்பாகவும் சொல்வான்.

உன் தாத்தா இறந்த அன்றைக்கு நான் மூங்கில்துறைப்பட்டில், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டரில் இருந்தேன். ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது நம் ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து, “உங்கப்பாருக்கு சீரியஸாம்பா” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பஸ்ஸில் வரும்போது, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக யாரிடம் கார் கேட்கலாம், ராத்திரி கூட இருக்க யாரை அழைக்கலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். மனசில் ஒரு மூலைக்கு விஷயம் தெரியும். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தெருமுனையில் இறங்கியதும் என் சித்தப்பா வந்து தோளைப் பிடித்தார். அவர் பிடித்த பிறகுதான் நான் அழ ஆரம்பித்தேன்.

பொன்னுசாமி என்பவர் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் இருந்தவர், ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். அவருக்கு ஒரே மகள், பேர் கவிதா, சென்னையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அவர் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் விடிகிற நேரத்தில் போய்விட்டார். அவருடைய மச்சான் முருகேசன் நமக்கு ஃபோன் செய்து பெட்டி கேட்டார். கையோடு கவிதாவுக்கும் ஃபோன் செய்து, அப்பாவுக்கு சீரியஸ் என்று சொன்னார். அவள் பஸ் ஏறினாள். நீ பெட்டியையும் ஜெனரேட்டரையும் வேனில் ஏற்றிக்கொண்டு மலை ஏறினாய். பத்து மணிக்குள் பெட்டியை இறக்கி, கரண்ட் கொடுத்து, அவரைப் படுக்கவைத்துவிட்டாய். வேலையில் உன்னை நான் குறை சொல்ல மாட்டேன். அத்தனை வளைவுகளில் அந்தப் பெட்டி ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்வது சாதாரண விஷயம் இல்லை. அதோடு திரும்பி வந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

நீ ஃபோனை எடுத்தாய். வேன் மலை ஏறுகிறது, மேகம் வருகிறது, பெட்டி இறங்குகிறது, பெட்டிக்குப் பக்கத்தில் நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். கடைசியில் ‘கல்வராயன் மலை உச்சிக்கும் எங்கள் சேவை’ என்று எழுத்து பறந்து வந்து உட்காருகிறது. பின்னால் ஒரு பாட்டு, அதுவும் குத்துத் தாளம். ஊர்ப் பேரையும் மறக்காமல் போட்டாய். நான் கேட்டபோது, “அவரு மூஞ்ச பிளர் பண்ணிட்டுதாம்பா போட்டன்” என்றாய். செத்தவர் முகத்தை மறைத்தாய். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுகிற அவர் பெண்டாட்டியை மறைக்க உனக்குத் தோன்றவில்லை. வாசலில் இருக்கிற நீலக் கதவை மறைக்கவில்லை. தன் அம்மாவையும் தன் வீட்டுக் கதவையும் ஒரு பெண்ணுக்கு அடையாளம் தெரியாதா? அந்த அம்மாவின் அழுகைச் சத்தத்தைப் பாட்டுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று குறைத்திருக்கிறாய். உதடு மட்டும் அசைகிறது.

பஸ் உளுந்தூர்பேட்டையை நெருங்கும்போது, கவிதாவோடு கூடப் படித்த ஒருத்தி அந்த வீடியோவை அவளுக்கே அனுப்பி, ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட்டிருக்கிறாள். கவிதா உளுந்தூர்பேட்டையிலேயே இறங்கிவிட்டாள். எதற்கு இறங்கினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் தரையில் உட்கார்ந்துவிட்டவளை ஒரு பூக்காரம்மா பிடித்துக்கொண்டு, அவள் ஃபோனை வாங்கி முருகேசனிடம் பேசியிருக்கிறார். முருகேசன் உடனே கடைக்கு ஃபோன் போட்டார். நம்பரைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, வீடியோவில்தான் பெரிதாக இருக்கிறதே. ஃபோனை எடுத்தது நான்.

“ஏங்க, உங்க ஆளு பெட்டி எறக்க வந்தானா, படம் புடிக்க வந்தானா?”

“இன்னாங்க ஆச்சு?”

“அந்தப் பொண்ணுக்கு சீரியஸ்னுதாங்க சொல்லி வச்சிருந்தோம். அது ஃபோன்ல பாத்துட்டு உளுந்தூர்பேட்டைல எறங்கி ஒக்காந்துகினு அழுவுது. இங்க பொணத்த வச்சிகினு நாங்க இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க.”

“எனக்குத் தெரியாதுங்க...” என்று இழுத்தேன்.

“தெரியாதுன்னா இன்னா? போர்டுல உங்க பேருதான இருக்குது?” என்று வைத்துவிட்டார்.

நான் அந்த நிமிஷமே ஒரு காரைப் பிடித்து உளுந்தூர்பேட்டைக்குப் போயிருக்க வேண்டும். ஒரு மணி நேரத்து வழிதான். போகவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு, கடையில் உட்கார்ந்து நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்கள் சொந்தக்காரர் யாரோ போய் அழைத்து வந்தார்கள். இதையும் உன்னிடம் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மறுநாள் ஷாமியானாவும் நாற்காலியும் எடுத்துவரப் போகிறேன் என்று நீ கிளம்பியபோது, உன்னை உட்காரச் சொல்லிவிட்டு நானே டிரைவரோடு ஏறிப் போனேன். கவிதா வாசலில் உட்கார்ந்திருந்தாள். யார் என்று சொன்னேன். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அப்படி எதுவும் செய்யவில்லை. “அப்பாவுக்கு ஜூஸ் போட்டு குடுக்கலாம்னு சாத்துக்குடி வாங்கிகினு பஸ் ஏறனன் ஐயா. மடியிலயே வச்சிகினு வந்தன்” என்றாள். பிறகு, “உளுந்தூர்பேட்டைல இருந்து இங்க வர இன்னும் மூணு மணி நேரம் ஆவும். அந்த மூணு மணி நேரமும் எங்கப்பா எனக்கு உசுரோட இருந்திருப்பாரு. அத உங்க கடை எடுத்துகிச்சி” என்றாள்.

என்னை மன்னிச்சிடும்மா என்றேன். “நீங்க இன்னா பண்ணீங்க? போட்டவர வரச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நீ அனுமதி கேட்டுத்தான் எடுத்தேன் என்று என்னிடம் சொன்னாயே, அதை முருகேசனிடம் கேட்டேன். “கேட்டிருப்பாருங்க. அன்னிக்கு யாரு இன்னா கேட்டாலும் தலைய ஆட்டிகினுதான் இருந்தன். குழி எங்க வெட்டறதுன்னாங்க, ஆட்டனன். காப்பி குடிக்கிறியான்னாங்க, அதுக்கும் ஆட்டனன்” என்றார். சாவு வீட்டில் வாங்குகிற அனுமதிக்கு என்ன பொருள் என்று இப்போதாவது தெரிந்துகொள்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் உன்னிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டாய். எனக்குக்கூட உன்மேல் இரக்கம் வந்தது. அப்புறம் வாயைத் திறந்தாய். “எடுத்துடறம்பா. ஆனா நம்ம பேஜ்ல எதுவுமே இந்த அளவுக்குப் போனதில்ல. ரெண்டு நாள் உட்டு எடுத்துடட்டுமா?” என்றாய். நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எடுத்தாய். ஆனால் அதற்குள் வேறு யாரோ இரண்டு பேர் அதைத் தங்கள் பக்கத்தில் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் ‘மனதை உருக்கும் மலைக் காட்சி’ என்று தலைப்பு வைத்திருக்கிறார். அவரை நீ கெஞ்சிப் பார்த்தாய், பதிலே இல்லை. நீ வெளியே விட்டது இனி உன்னுடையது இல்லை. அந்தப் பெண் நாற்பது வயதில் எதையோ தேடும்போதுகூட அது எதிரில் வந்து நிற்கும்.

ஐந்தாம் நாள் இன்னொரு கூத்து. நாலு ஐஸ் பெட்டிகளுக்கு முன்னால், கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு, பின்னால் வயலின் அழ, நீ மன்னிப்புக் கேட்கிற வீடியோ. ‘எங்கள் பதிவால் யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்கிறாய். புண்பட்டிருந்தால் என்றால் என்ன அர்த்தம்? உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் தரையில் உட்கார்ந்தவளுக்குப் புண்பட்டதா இல்லையா என்று உனக்குச் சந்தேகமா? முடிவில் ‘உங்கள் கருத்தைக் கமென்ட்டில் சொல்லுங்கள்’ என்று வேறு. கீழே நம்பர். ஊருக்கு நீ என்ன கெடுதல் செய்தாய், ஊரிடம் மன்னிப்புக் கேட்க? கெடுதல் செய்தது ஒரு பெண்ணுக்கு. அவளுக்கு அதை நீ அனுப்பக்கூட இல்லை. ‘பெரிய மனசு’, ‘சூப்பர் ப்ரோ’ என்று கமென்ட் வந்ததும் அம்மாவிடம் ஃபோனை நீட்டிக் காட்டினாயாம். அவள் கண்ணாடி இல்லை என்று சொல்லிவிட்டாள். கண்ணாடி அவள் தலைமேல்தான் இருந்தது.

இவ்வளவு அருவருப்போடு எழுதுகிறவன் யோக்கியனா என்று நீ கேட்கலாம். கேட்க வேண்டும். நாம் முதல் ஐஸ் பெட்டி வாங்கிய வருஷம் நான் ஒரு விசிட்டிங் கார்டு அடித்தேன், நினைவிருக்கிறதா? நீ சேலத்தில் காலேஜில் இருந்தாய், உன் லேப்டாப்பில்தான் அதைச் செய்துகொடுத்தாய். கூப்பிய கை, அகல்விளக்கு, நம் பேர். அந்தக் கார்டுகளை நான் ஆஸ்பத்திரி வாசல்களில் நிற்கிற ஆம்புலன்ஸ் டிரைவர்களிடம் கட்டுக்கட்டாகக் கொடுத்து வைத்திருந்தேன். உள்ளே யாருக்கு முடியவில்லையோ அவர்கள் வீட்டாரிடம் கொடுங்கள் என்று நானே என் வாயால் சொன்னேன். ஒரு நாள் மத்தியானம் டிபன் கேரியரோடு ஒரு அம்மா கடைக்கு வந்தார். கார்டை மேஜைமேல் வைத்து, “எம் புருஷன் உள்ள கஞ்சி குடிச்சிகினு இருக்காரு. உனக்கு இன்னா அவ்ளோ அவசரம்?” என்று கேட்டார். அன்றோடு நிறுத்திவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசை. நிறுத்தவில்லை. கொஞ்சம் பார்த்துக் கொடுங்கப்பா என்று டிரைவர்களிடம் சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு மாதம் ஓட்டினேன். கார்டு தீர்ந்ததால்தான் நின்றது. நீ செய்ததும் அதேதான். என்னிடம் கார்டு இருந்தது, உன்னிடம் ஃபோன் இருக்கிறது. என் கேவலம் ஒரு ஆஸ்பத்திரி வாசலோடு நின்றது, உன்னுடையது மலையிலிருந்து சென்னை பஸ் வரைக்கும் போனது. உன்மேல் எனக்கு வருகிற குமட்டலில் பாதி என்னைப் பார்த்து வருவதுதான்.

அதனால் கடையை நடத்தப்போகிறவனுக்கு, தப்பு செய்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். பக்கத்தை மூடு என்று சொல்ல மாட்டேன். பாத்திரத்தைக் காட்டு, கழுவுவதைக் காட்டு, பந்தல் எவ்வளவு நீளம் என்று காட்டு. இந்த முகூர்த்தத்துக்கு நாற்காலி இல்லை என்றால் இல்லை என்று முன்கூட்டியே போடு, ஜனம் வேறு கடை பார்த்துக்கொள்ளும், அடுத்த முறை உன்னிடம் வரும். ஒருவர் சோற்று அண்டாவில் ஓட்டை என்று பக்கத்தில் வந்து எழுதினால் அதை அழிக்காதே, அண்டாவை மாற்றிக் கொடுத்துவிட்டு அங்கேயே பதில் எழுது. போட்டிக் கடைக்காரரைச் சாடை பேசாதே, அவர் பெட்டியும் நம் பெட்டியும் ஒரே தெருவில் நிற்கிற நாள் வரும். கல்யாண வீட்டில் படம் எடுக்க ஆசைப்பட்டால், கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கேள். அப்போதும் சரி என்றால் போடு, வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதே. சாவு வீட்டில் கேட்கவே கேட்காதே. பெட்டியை இறக்கப் போகிற ஆள் யாராக இருந்தாலும் ஃபோனை வேனிலேயே வைத்துவிட்டு இறங்க வேண்டும், நீயும்தான். எதைப் போடுவதற்கு முன்னாலும், இதைப் பார்க்கவே கூடாதவர் யார், அவர் இந்த நேரம் எங்கே இருக்கிறார் என்று யோசி. எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று கணக்குப் போடத் தெரிந்த உனக்கு, அந்த ஒருத்தரைப் பற்றி யோசிக்கத் தெரியவில்லை. ‘கண்ணீர் அஞ்சலி’ அட்டைகளை இன்றைக்கே எடுத்துவிடு. அந்த மன்னிப்பு வீடியோவை அதற்கு முன்னால் எடுத்துவிடு.

வரும் வெள்ளிக்கிழமை பொன்னுசாமிக்குக் காரியம். அன்றைக்குப் போகாதே. கூட்டம் இருக்கும், கூட்டத்தைப் பார்த்தால் உனக்கு நடிப்பு வந்துவிடும். கவிதா ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அங்கே இருப்பாள் என்று முருகேசனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை போ. வேனில் போகாதே, அதில் நம் பேர் எழுதியிருக்கிறது. பஸ்ஸில் போ. ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ. அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்து, நான்தான் போட்டேன் என்று சொல். ரீச், பிளர், அனுமதி என்று எதையும் பேசாதே. அவள் திட்டினால் கேட்டுக்கொள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வா. மன்னித்தாள் என்று எனக்கு வந்து சொல்ல வேண்டும் என்பதில்லை. போனேன் என்று சொன்னால் போதும். திங்கட்கிழமை வக்கீலிடம் போகலாம்.

போகவில்லை என்றால் கடை என் பேரிலேயே இருக்கட்டும். அதைவிடப் பெரிதாக உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முந்தாநாள் டவுனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் சின்னசேலம் பஸ் ஏறினேன். ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் ஐஸ் பெட்டி வைத்திருக்கிறாரே, நமக்குப் போட்டிக்காரர், பத்து வருஷமாக நமக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அவர் கடைக்குத்தான் போனேன். அவரிடம் இருப்பது ஒரே ஒரு பெட்டி. பழசு, மோட்டார் மாவு மில் மாதிரி சத்தம் போடும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஒரு பெட்டி சொல்லி வைக்க வந்தேன் என்றேன்.

“யாருக்குங்க?”

“எனக்குத்தான். இப்ப இல்ல, ஆவறப்ப.”

அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். “இன்னாங்க இப்டி சொல்றீங்க? உங்க கடைல நாலு பெட்டி இருக்குதேங்க?”

“இருக்குது. அதுல படுக்க எனக்கு பயமா இருக்குதுங்க” என்றேன்.

அவர் நோட்டை எடுத்தார். என் பேரை எழுதி வைத்துக்கொண்டார். ஓசூரில் இருக்கிற உன் அக்காவின் ஃபோன் நம்பரையும் வாங்கிக்கொண்டார், அந்த நாள் வந்தால் அவளுக்கு ‘சீரியஸ்’ என்று அவரே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். நீ சனிக்கிழமை மலைக்குப் போய்விட்டு வந்தால், நானே மறுபடி சின்னசேலம் போய், வேண்டாங்க, என் புள்ள பாத்துப்பான் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

உன் அப்பா